மலைமேல் ஒரு மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நீங்கள் என்னைப் பார்க்க வந்தால் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான ரிப்பேர் எது சார்?" நீங்கள் எதிர்பார்ப்பது கம்ப்ரசர் வெடித்த கதையை. இல்லாவிட்டால் ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கசிந்து ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய கதையை. அப்படியும் சில என்னிடம் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிச் சிரிக்க ஏற்றவை. எனக்கு இன்றைக்கும் மறக்க முடியாத ரிப்பேர் வேறு. அதில் கம்ப்ரசரே கிடையாது. நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. பெட்டி நன்றாகவே சரியானது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுகாதாரத் துறையில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்காக இருந்தேன். திருப்பத்தூரில் ஒரு அறை, ஒரு டூல் பை, கூப்பிட்ட இடத்துக்கு ஓட ஒரு பஸ் பாஸ். ஜவ்வாது மலை மேலே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கரண்டு வரும், போகும், பெரும்பாலும் போகும். அதனால் அங்கே மருந்து வைத்திருந்தது மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டியில். உங்களில் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். அடியில் திரி விளக்கு மாதிரி ஒரு பர்னர் எரியும். மேலே ஐஸ் பிடிக்கும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. நெருப்பு வைத்தால் குளிர்கிற பெட்டி என்று மலை ஜனங்கள் அதை வேடிக்கை பார்க்க வருவார்கள்.

ஒரு நாள் காலையில் மலை பஸ்ஸின் கண்டக்டர் என் அறைக் கதவைத் தட்டினார். அந்தக் காலத்தில் மலையிலிருந்து வரும் போன் கால் அவர்தான்.

"நர்சம்மா சொல்லச் சொன்னாங்க. பொட்டி குளுரல. மருந்து நேத்து சாயங்காலமே வந்துட்சாம். நாளைக்கு கேம்ப். நீங்க இன்னிக்கே வரணுமாம். வண்டி நிக்குது, வர்றீங்களா?"

வண்டியில் ஏறிய பிறகுதான் மீதியைச் சொன்னார். மலையில் கக்குவான் இருமல் பரவிக்கொண்டிருந்தது. போன மாதம் தடுப்பூசி முகாம் என்று கூப்பிட்டு, கீழேயிருந்து மருந்து வராமல், காடு மேடெல்லாம் நடந்து வந்த தாய்மார்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படித் திரும்பிப் போனவர்களில் மேட்டுக்கொல்லைக்காரர்களும் உண்டு. அந்தக் குக்கிராமத்தில் பிறகு ஒரு குழந்தை இருமி இருமியே இறந்துபோயிருக்கிறது. இந்த முறை நர்சம்மா ஊர் ஊராக நடந்து, சாமை அறுப்பைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறார். நாளைக்கும் மருந்து இல்லையென்றால் அந்த ஜனங்கள் இனி ஆஸ்பத்திரிப் படியை மிதிக்க மாட்டார்கள் என்றார் கண்டக்டர்.

நர்சம்மா பெயர் மெஹருன்னிசா. வாணியம்பாடிப் பெண். அப்பா தோல் மண்டியில் வேலை பார்த்தவர். மலைக்கு மாற்றல் என்றால் மெடிக்கல் லீவு போட்டு ஓடுகிற காலத்தில் விரும்பி வந்து தங்கியவர். முப்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் மலை முழுக்க அவருக்கு 'அம்மா' பட்டம். என்னை அண்ணே என்பார். நான் போய் இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்துப் போனார்.

"மருந்த உள்ள வெக்கல அண்ணே. கைய வெச்சுப் பாத்தேன், குளுரு இல்ல. அதான் வந்த பெட்டியிலயே வுட்டுட்டேன். ஆனா அதுல ஐஸு கரைஞ்சுனே போவுது. பாருங்க." சொல்லிக்கொண்டே மருந்துப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"மூடுங்க சிஸ்டர். தொறந்து பாத்தா இன்னும் சீக்கிரம் கரையும்."

மூடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவர் கை மூடிக்குப் போனது. அங்கே ஆயாவாக இருந்த காளியம்மாளைக் கூப்பிட்டு, மருந்துப் பெட்டி மேல் உட்காரச் சொன்னேன். அவர் மலைக்காரப் பெண்மணி, நல்ல கனம். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தார். யார் வந்து கேட்டாலும் எழுந்திருக்கக் கூடாது என்றேன்.

"டாக்டரு வந்தாக்கூடவா சார்?"

"டாக்டர் வந்தாத்தான் முக்கியமா எழுந்திருக்கக் கூடாது."

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர், பயந்திருந்தார். பெட்டி குளிரவில்லை என்றதும் பர்னரின் திரியை அவரே ஏற்றிவிட்டிருந்தார். சுவாலை மஞ்சளாகிப் புகை கக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கக் குழாய் தொட முடியாத சூடு. கதவைத் திறந்து மேல் அறையில் கை வைத்தால் ஒன்றுமே இல்லை. அறைக்குள் எவ்வளவு குளிரோ அவ்வளவுதான் பெட்டிக்குள்ளும்.

அந்த மேல் அறைதான் எவாப்பரேட்டர். புத்தகத்தில் ஆவியாக்கி என்று போட்டிருக்கும். பட்டறையில் நாம் கூலிங் காயில் என்போம். எந்த மெஷினானாலும் குளிர் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். மற்ற பாகமெல்லாம் அதற்கு வேலைக்காரர்கள். அது குளிரைத் தயாரிப்பதில்லை, தன்னைச் சுற்றியிருக்கிற சூட்டைக் குடிக்கிறது. உள்ளே ஓடுகிற திரவம் ஆவியாக வேண்டும். ஆவியாகச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் திரவத்தைத் தள்ளிக்கொண்டு போகக் கம்ப்ரசர் இருக்கிறது. மண்ணெண்ணெய்ப் பெட்டியில் தள்ள ஆள் இல்லை. திரவ அமோனியா தானாகத்தான் வழிந்து இறங்க வேண்டும், வயலுக்குப் பாயும் வாய்க்கால் மாதிரி. குழாயின் சரிவு தயாரித்தவன் வைத்தபடியே இருந்தால் வழியும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் எங்காவது ஒரு வளைவில் தேங்கி நிற்கும். பிறகு நீங்கள் அடியில் ஊரையே கொளுத்தினாலும் மேலே குளிராது.

இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, குழாய் உள்ளுக்குள்ளேயே அடைத்துப் பெட்டி செத்துப்போயிருக்க வேண்டும். அப்படியானால் பேச்சே இல்லை. இன்னொன்று, பெட்டி சாய்ந்திருக்க வேண்டும்.

"யாராவது பெட்டிய நகர்த்தினீங்களா?" என்று கேட்டேன். யாரும் நகர்த்தவில்லை என்றார்கள். மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறை. கண்ணால் பார்த்தால் பெட்டி நேராகத்தான் தெரிந்தது. மலையில் இது ஒரு தொல்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாமே சரிவு, கட்டடத்தின் தரையும் கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டது. எதை வைத்து எதை நேர் என்பது? செத்த பெட்டிதான் என்று பாதி முடிவுக்கே வந்துவிட்டேன். நர்சம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, பர்னரைப் பார்க்கத் தரையில் குனிந்தேன்.

பெட்டியின் நான்கு கால்களும் நான்கு எறும்புக் கிண்ணங்களில் நின்றன.

நம் வீடுகளில் பலகார அலமாரிக்கு வைப்போமே, கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம், அதேதான். அறைக்குள் வந்ததிலிருந்து அவை என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. பிறந்ததிலிருந்து பார்த்த பொருள் என்பதால் மூளை அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மூன்று கல் கிண்ணம். பின்பக்கம் ஒன்று மட்டும் மரத்தில் குடைந்தது, மற்றதைவிட விரல் உயரம் கூடுதல்.

"எறும்பு வந்துட்சு சார்" என்றார் காளியம்மாள், மருந்துப் பெட்டி மேலிருந்து அசையாமலே. "நர்சம்மாவுக்கு தேன் குடுத்தாங்க எங்க ஆளுங்க. அத உள்ள வெச்சோமா, சாரி சாரியா வந்துட்சு. மருந்துல ஏறிடப் போவுதுன்னு நாந்தான் போன வாரம் கிண்ணம் வெச்சேன். அது நகத்தறதா சார்? தூக்கித்தானே வெச்சேன்."

அவரை என்ன சொல்வது? மருந்தைக் காப்பாற்றத்தான் அந்த அம்மாள் அப்படிச் செய்திருக்கிறார். அந்த ஊரில் பொறுப்பான எந்தப் பெண்மணியும் அதைத்தான் செய்திருப்பார்.

கிண்ணங்களை எடுத்தோம். ரசமட்டத்தை எவாப்பரேட்டர் அறையின் தரைக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். இதை மறக்காதீர்கள், பெட்டியின் தலையில் வைத்துப் பார்ப்பது சோம்பேறித்தனம். தகரத் துண்டுகளைக் காலுக்கு அடியில் கொடுத்துக் கொடுத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை டாக்டரும் நானும் பெட்டியைத் தூக்கி இறக்கினோம். பிறகு நான் பர்னரை ஊதி அணைத்தேன்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சார் அணைச்சீங்க? நாம குளிருக்குத்தானே தவிக்கிறோம்?"

"உள்ள திரவம் தாறுமாறா கெடக்குது சார். எல்லாம் வழிஞ்சு அதனதன் எடத்துக்குத் திரும்பணும். சூடு இருந்தா திரும்பாது. ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் ஆவும்."

"அப்புறம் பத்த வெச்சா உடனே குளிருமா?"

"குளிராது. அதுக்கும் கொஞ்ச நேரம் ஆவும்."

அவர் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. நெருப்புப் பிடித்த வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடுகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பதற்றம் வந்தால் நம் கை எதையாவது திருகச் சொல்லும், ஏற்றச் சொல்லும், திறந்து பார்க்கச் சொல்லும். என்னுடைய கை பையிலிருந்த ஸ்பானரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

நர்சம்மா மட்டும் சண்டை போடவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க அண்ணே, நெருப்பு எப்படி குளுருது?" என்று கேட்டார்.

அவருடைய ட்ரேயிலிருந்தே ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அவர் புறங்கையில் தடவினேன். "ஜில்லுன்னு இருக்கா? ஸ்பிரிட்டு ஆவியாப் போறப்ப ஒங்க கைச்சூட்ட தூக்கினு போவுது. அவ்ளோதான் விஷயம். கீழ எரியற நெருப்பு, போன ஸ்பிரிட்ட பிடிச்சுனு வந்து மறுபடி மேல ஊத்தற ஆளு மாதிரி."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெனம் நூறு பேருக்கு தடவறேன். யோசிச்சதே இல்ல" என்றார். அவர் சிரித்ததை அன்றைக்கு அந்த ஒரு தரம்தான் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் பர்னரைப் பற்ற வைத்தேன். திரியைச் சிறிதாக வைத்தேன். நீலச் சுவாலை, புகை இல்லை. அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. கதவைத் திறக்கக் கூடாது, தொடக் கூடாது. டாக்டர் வராந்தாவில் நடந்தார். காளியம்மாள் பெட்டி மேலேயே சோறு சாப்பிட்டார். அடியில் ஐஸ் தண்ணீர் குலுங்குகிற சத்தம் கூடிக்கொண்டே போனது எல்லோர் காதிலும் விழுந்தது.

கீழே போகும் கடைசி பஸ் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். "இன்னா, மருந்து கீழ போவுதா, இங்கயே இருக்குதா? சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள எறங்கணும்."

இதுதான் கணக்கு. மருந்தை அந்த பஸ்ஸில் ஏற்றினால் மருந்து பிழைக்கும், நாளைய முகாம் சாகும். ஏற்றாமல் விட்டு, பெட்டியும் குளிராமல் போனால், மருந்துப் பெட்டியில் மிச்சமிருக்கும் ஐஸ் ராத்திரிக்குத் தாங்காது. மருந்தும் போகும், முகாமும் போகும். டாக்டர் என்னைப் பார்த்து, "மெஷின் விஷயம் எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதுதான்" என்றார். நர்சம்மா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்தேன். எவாப்பரேட்டரின் தகட்டில், திரவம் நுழைகிற முனையில், விரலை வைத்தேன். ஈரம். அவ்வளவுதான். மலைக் காற்றில் எந்தத் தகட்டிலும் ஈரம் இருக்கும். வெளியே ஹார்ன் அடித்தது. மூடிவிட்டு நின்றேன். பத்து மூச்சு விட்டிருப்பேன், மறுபடி ஹார்ன். திறந்தேன். ஈரம் இருந்த இடத்தில் நகத்தால் கீறினேன். நகத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. கண்ணருகே கொண்டுபோவதற்குள் கரைந்துவிட்டது. பனிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்த்தேனோ என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

"பஸ் போவட்டும்" என்றேன்.

பஸ் போன பிறகு அந்த முனையிலிருந்து வெள்ளை மெதுவாகப் பரவியது. விளக்கேற்றும் நேரத்துக்குத் தகடு பாதிக்குமேல் வெளுத்து, தெர்மாமீட்டரும் சரியான இடத்துக்கு இறங்கிவிட்டது. காளியம்மாளை எழுந்திருக்கச் சொல்லி, மருந்தை நானே எடுத்து அடுக்கினேன். சொட்டு மருந்து மேலே ஐஸ் அறையில். முத்தடுப்பு ஊசி மருந்து, அதாவது கக்குவானுக்குப் போடுகிறது, கீழ்த் தட்டில். "இது கீழதான் இருக்கணும் சிஸ்டர்" என்று சொல்லவும் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்ததும் தூங்கிவிட்டேன். சந்தோஷமாகத் தூங்கினேன்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. முற்றம் நிறையத் தாய்மார்கள், இடுப்பிலும் முதுகிலும் குழந்தைகள். நர்சம்மா குளித்து வெள்ளைப் புடவை கட்டி, ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"விடியக்காலம் காத்து அடிச்சு பர்னரு அணைஞ்சு போச்சு அண்ணே. உயிரே போய்ட்சு எனக்கு. நல்லவேளை முழிச்சுனு இருந்தேன். உடனே பத்த வெச்சுட்டேன். மறுபடியும் அணைஞ்சா இன்னா பண்றதுன்னு, மருந்து அத்தனையும் மேல ஐஸோட ஐஸா வெச்சுட்டேன். இனிமே பயமில்ல."

பெட்டியிடம் ஓடினேன்.

ஐஸ் அறைக் கதவைத் திறந்தேன். ஒட்டி ஒட்டி அடுக்கியிருந்தார், பூத்தொடுப்பது போலப் பதனமாக. ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தேன். உள்ளே மருந்து அசையவில்லை. இன்னொன்று. அதுவும் கல். அத்தனையும் கல். முந்தின நாள் பூராவும் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டிக் கிடந்த குளிர் அங்கே கொட்டிக் கிடந்தது.

டாக்டர் வந்தார். "உருகினா சரியாயிடாதா? சொட்டு மருந்த ஐஸ்லதானே வைக்கிறோம்?"

"சொட்டு மருந்து தாங்கும் சார். இது தாங்காது. ட்ரெயினிங்ல காட்டினாங்க." ஒரு குப்பியை உள்ளங்கையில் பொத்தி உருக வைத்து, குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பால் மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டியது, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகளாகப் பிரிந்து அடியில் இறங்கியது. சூட்டில் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால்கூட அந்த மருந்து பிழைத்திருக்கும். உறைந்தால் செத்தது செத்ததுதான்.

வெளியே யாரோ ஒரு குழந்தை சிரித்தது. டாக்டர் கதவை லேசாகச் சாத்தினார். "இத்தனை பேரை மறுபடியும் எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றார். பிறகு எங்களைப் பார்க்காமல், "நல்லாக் குலுக்கிப் போட்டா பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அது அவருடைய புத்தி பேசியதல்ல, பயம் பேசியது. எனக்குள்ளும் ஒரு குரல் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியுமே சார்" என்றார் நர்சம்மா. அடுப்பிலிருந்த ஊசிகளை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனார்.

படியில் நின்றுதான் சொன்னார். "மருந்து வந்துச்சும்மா. என் கையாலதான் கெட்டுப் போச்சு. ஐஸ்ல வெச்சுட்டேன். கெட்டுப்போன ஊசிய ஒங்க புள்ளைங்களுக்கு நான் போட மாட்டேன். சொட்டு மருந்து நல்லா இருக்குது, அத மட்டும் குடுக்கறேன்."

யாரும் திட்டவில்லை. திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு பெண், "சாமைய அப்படியே கொல்லையில வுட்டுட்டு வந்தோம்" என்று யாரிடமோ சொன்னார். பாதிப் பேர் சொட்டு மருந்துக்கு வரிசையில் நின்றார்கள். இன்னொருத்தி, "அப்ப எப்ப வரணும்?" என்று கேட்டாள். நாளைக்கு என்று சொல்லிவிட்டு நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மேட்டுக்கொல்லைக்காரர்கள் எதுவும் கேட்கவில்லை. வந்த வழியே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

காலி மருந்துப் பெட்டியோடு அந்தக் காலை பஸ்ஸிலேயே இறங்கினேன். கீழே ஆபீசில் கத்தினேன், கெஞ்சினேன், ஒருவர் மேஜை முன்னால் நகராமல் நின்றேன். மருந்து கிடைத்தது. மறுநாள் முகாம் நடந்தது. பெரும்பாலானவர்கள் வந்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். மேட்டுக்கொல்லையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அதற்கப்புறம் நான் பார்த்த எல்லாப் பெட்டிகளிலும், எவாப்பரேட்டர் கதவு மேலேயே, 'ஊசி மருந்து இங்கே வைக்காதே' என்று பெயின்ட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பெட்டி குளிர ஆரம்பித்ததும் டூல் பையை மூடிவிடாதீர்கள். நேற்று சூட்டுக்குப் பயந்தவர் இன்று எவ்வளவு குளிர் கிடைத்தாலும் போதாது என்றுதான் நினைப்பார். அவர் கை எங்கே போகும் என்பதை அவருக்கு முன்னால் நீங்கள் யோசிக்க வேண்டும். எவாப்பரேட்டருக்கு அது தெரியாது. பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

முகாம் முடிந்த மறுநாள் காலையில் நர்சம்மா, "நான் மேட்டுக்கொல்லைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று மருந்துப் பெட்டியைத் தூக்கினார். அது என் வேலை இல்லை. ஆனாலும் பெட்டியை வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். குப்பிகள் ஐஸைத் தொடாமல் இருக்க நடுவே துணி சுற்றியிருந்தேன். ஆனாலும் இரண்டு முறை நிறுத்தி, திறந்து, தொட்டுப் பார்த்தேன். திறக்காதே என்று ஊருக்கே உபதேசம் செய்தவன் நான்தான்.

கேட்பவர்கள் பதறுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அங்கே நாங்கள் பார்த்த நோய்வாய்ப்பட்ட குழந்தை பிழைத்துக்கொண்டது. மாதக்கணக்கில் இருமியது, எலும்பும் தோலுமானது, ஆனாலும் பிழைத்தது. முகாமன்று ஊசி போட்டிருந்தாலும் அதற்குப் பலன் இருந்திருக்காது, நோய் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது என்று டாக்டரும் பிற்பாடு சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

மேட்டுக்கொல்லையின் முதல் வீடு தெரிவதற்கு முன்பே இருமல் கேட்டது. மூச்சு விடாமல் வரிசையாக, வரிசையாக, கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. நர்சம்மா நின்றுவிட்டார். பிறகு வேகமாக நடந்தார்.

அங்கே யாரும் எங்களை விரட்டவில்லை. மற்ற குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். நர்சம்மா ஊசி போட்டார், நான் குப்பி எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்ததும் பச்சையம்மா என்ற பெண் கடைசியாக வந்தாள். இருமிக் களைத்து அவள் தோளில் சாய்ந்திருந்தது பெண் குழந்தை. அதன் சட்டைக் கையை மேலே சுருட்டி நீட்டினாள்.

"இதுக்கும் ஒண்ணு போடுங்கம்மா."

"இருமல் வந்ததுக்கு அப்புறம் இந்த ஊசி கேக்காதும்மா" என்றார் நர்சம்மா. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வா. வேற மருந்து தர்றோம்."

பச்சையம்மா கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"முந்தாநாளு தூக்கினுதானே வந்தேன். அன்னிக்கு இருமல் இல்ல. சளிதான் இருந்துச்சு."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. நர்சம்மா அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் பெட்டியைப் பார்த்தேன். மருந்து மிச்சம் இருந்தது. ஐஸ்கூடக் கரையவில்லை.